அம்மம்மா ஏன் விழுந்தார்?

இவ்வாண்டு விழா மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு மலர்க் குழுவினர் கேட்டபோது, தமிழ் மொழியின் சிறப்பைப் பற்றி எழுதுவதா, பிள்ளைகளின் கல்வியைப் பற்றி எழுதுவதா என்று சில நாட்கள் எண்ணிக்கொண்டிருந்தேன். அவ்விரண்டைப் பற்றியும் என்னிலும் நன்றாக எழுத வல்லோர் எமது பள்ளியிற் பலர் உளர். மறதிநோய் கண்ட என் தாயாரை ஆறு ஆண்டுகள் லண்டனில் எமது வீட்டில் வைத்துப் பார்த்த அனுபவம் ஒன்றே எனக்குச் சொந்தமானது. அவர் விழுந்த கதையையும், நான் விட்ட பிழைகளையும், அவற்றிலிருந்து நாம் கற்றவற்றையும் எழுதினால், வீட்டில் முதியோர் இருக்கும் பெற்றோருக்கும், அம்மம்மா, அப்பப்பாமாருடன் வளரும் மாணவச் செல்வங்களுக்கும் பயன்படும் என்று எண்ணி இதனை எழுதுகின்றேன்.

அம்மா உரும்பிராயிற் பிறந்து வளர்ந்தவர். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, கிணற்றடிக்குப் போய் முகம் கழுவி, முற்றம் கூட்டி, விளக்கேற்றிய பின்னரே தேநீர் குடிப்பவர். 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் வலிகாமத்து மக்கள் ஓரிரவில் இடம்பெயர்ந்தபோது, ஒரு பையுடன் தென்மராட்சிக்கு நடந்தவர்களுள் அவரும் ஒருவர். 1997இல் எம்மிடம் லண்டனுக்கு வந்து சேர்ந்தார். இங்கே கடைக்குப் போகவும், பேருந்தில் ஏறி இறங்கவும், அயலவருடன் நாலு வார்த்தை பேசவும் வேண்டிய ஆங்கிலத்தை அறுபதை அண்மித்த வயதிற் கற்றுக்கொண்டார்.

2016ஆம் ஆண்டளவில் அவரிடம் சில மாற்றங்களைக் கண்டோம். கறிக்கு உப்பை இருமுறை போடுவார். ஒரே கேள்வியைப் பத்து நிமிடத்தில் ஐந்து முறை கேட்பார். வயது போனால் மறதி வருவது இயல்புதானே என்று நாங்களும் இருந்துவிட்டோம். ஒரு நாள் வழக்கமாகப் போகும் கோயிலிலிருந்து வீடு திரும்ப வழி தெரியாமல் நின்ற பின்னரே வைத்தியரிடம் அழைத்துச் சென்றோம். பரிசோதனைகளின் முடிவில் அது அல்சைமர் நோய் என்றனர். டிமென்சியா என்று பொதுவாகச் சொல்லப்படும் மறதிநோய்களுள் மிகுதியாகக் காணப்படுவது இதுவே. 1906ஆம் ஆண்டில் அலோயிஸ் அல்சைமர் என்ற ஜெர்மானிய வைத்தியர் இதனை முதன்முதலில் எடுத்துரைத்தமையால் அவர் பெயராலேயே அழைக்கப்படுகின்றது. இது பெயர்களையும் நாட்களையும் மட்டும் மறக்கும் நோய் என்றே நான் அப்போது நினைத்திருந்தேன். கண் பார்ப்பதை மூளை விளங்கிக்கொள்ளும் விதமும், காலடி எடுத்து வைக்கும் விதமும், அவசரத்தை அடக்கும் ஆற்றலும் கூட இந்நோயால் மாறிவிடும் என்பதை நான் அறிந்திருக்கவில்லை.

2018ஆம் ஆண்டு நவம்பர் மாதம், ஒரு சனிக்கிழமை மாலை. தமிழ்ப் பள்ளி முடிந்து வந்த என் மகள் முன்னறையில் இருந்து வீட்டுவேலை எழுதிக்கொண்டிருந்தாள். அப்போது அவளுக்குப் பதினொரு வயது. நான் மேல்மாடியில் துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். அம்மா கதிரையிலிருந்து எழுந்து அவளிடம், "பிள்ளை, எனக்கு வெளிக்குப் போகவேணும்" என்றார்.

"வெளியில மழை அம்மம்மா. நல்ல குளிர். நாளைக்குப் போவம்" என்றாள் மகள்.

அம்மா மறுபடியும் கேட்டார். மகள் மறுபடியும் அதே பதிலை அன்பாகச் சொன்னாள். ஐந்து நிமிடம் கழிந்திருக்கும். பின்கதவடியில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டு நான் ஓடி இறங்கினேன். பூட்டிய கதவைத் திறக்க முயன்று, முடியாமல் அவசரமாகத் திரும்பியபோது, கதவடியிற் கிடந்த கால்மிதியில் இடறி அம்மா விழுந்து கிடந்தார். வலது கால் சற்றுக் குட்டையாகி, பாதம் வெளிப்புறமாகத் திரும்பியிருந்தது. இடுப்பென்பு முறிந்ததற்கு அது பெரும்பாலும் அடையாளம் என்பது எனக்குப் பின்னரே தெரிந்தது. அவருடைய சேலை நனைந்திருந்தது. அந்த நோவிலும் அதனை மறைக்கவே அவர் கை முயன்றது.

அன்றிரவு வைத்தியசாலையில், "அவர் எங்கே அவசரமாகப் போகப் பார்த்தார்?" என்று வைத்தியர் கேட்டார். "வெளியே போகவேண்டும் என்று கேட்டார்" என்றாள் மகள். "என்ன சொல்லிக் கேட்டார்? அப்படியே சொல்" என்றேன். அவள் சொன்னாள். நான் வாயடைத்து நின்றேன்.

எமது ஊரில் "வெளிக்குப் போதல்" என்றால் மலங்கழிக்கப் போதல் என்பது பெரியோர் எல்லாருக்கும் தெரியும். நேரே சொல்லக் கூசியதை மறைத்துச் சொல்லும் நாகரிகமான வழக்கு அது. அக்காலத்தில் எமது வீடுகளில் மலசலகூடம் வீட்டிற்குள் இருந்ததில்லை. அடிவளவில், வேலியோரமாக இருந்தது. ஆகையால் அவர் பின்கதவை நோக்கிப் போனதும் தற்செயலன்று. லண்டன் வீட்டில் இருபது ஆண்டுகளாக மாடிப்படி ஏறிப் போன குளியலறை அவர் நினைவிலிருந்து மங்கிவிட்டது. உரும்பிராய் வீட்டின் அடிவளவு மங்கவில்லை.

என் மகள் தமிழிற் பிழை விடவில்லை. "வெளி" என்ற சொல்லுக்குப் பாடநூலில் என்ன பொருளோ அப்பொருளையே அவள் கொண்டாள். பிழை என்னுடையது. வீட்டில் அந்த வழக்கை நாங்கள் கைவிட்டு, "ரொய்லெற்" என்று சொல்லப் பழகிவிட்டோம். என் தாயின் சொல்லொன்றை என் பிள்ளைக்குக் கொடுக்காமல் இடையில் நின்று தடுத்தவள் நானே. பல இரவுகள் என்னை உறங்கவிடாத எண்ணம் இதுதான்.

மறுநாளே சத்திரசிகிச்சை நடந்தது. இடுப்பென்பு முறிந்தவருக்கு வைத்தியசாலைக்கு வந்த அன்றோ மறுநாளோ சிகிச்சை செய்து, அதற்கடுத்த நாளே எழுப்பி நிறுத்த வேண்டும் என்பது இந்நாட்டு மருத்துவ நெறி. அதன்படியே எல்லாம் நடந்தன. ஆயினும் அம்மாவுக்குக் கடுமையான மனக்குழப்பம் ஏற்பட்டது. எம்மவர் சன்னி என்பார்களே, அதுபோன்றது. மறதிநோயாளருக்குச் சத்திரசிகிச்சை, தொற்று, மலச்சிக்கல், நீர் குறைதல் ஆகியவற்றால் இது எளிதில் வரக்கூடும். ஆங்கிலம் முழுவதும் அவரை விட்டுப் போயிற்று. பிந்திக் கற்ற மொழி முந்தி மறைவதை மறதிநோயாளர் பலரிடம் காணலாம். தாதியர் அன்பாகவே பார்த்தனர். ஆனால் அவர் "நோகுது" என்பதும் "விடாய்க்குது" என்பதும் அவர்களுக்கு ஒன்றுபோலவே கேட்டன.

அப்போது என் மகள் ஒரு காரியம் செய்தாள். தமிழ்ப் பள்ளிக் கொப்பியில் இருந்து ஒரு தாளைக் கிழித்து, நானும் அவளுமாக ஒரு பட்டியல் எழுதினோம். வெளிக்குப் போகவேணும், ஒண்டுக்குப் போகவேணும், நோகுது, கால் உளையுது, தலை சுத்துது, குளிருது, விடாய்க்குது, அந்தரமாக இருக்கு. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆங்கில எழுத்தில் ஒலிப்பும் பொருளும் எழுதிக் கட்டிலின் தலைமாட்டில் ஒட்டினோம். அடுத்த நாளே ஒரு தாதி, "வெளிக்கு?" என்று கேட்டு அம்மாவை அழைத்துச் சென்றதைக் கண்டேன். அம்மா அவரைப் பார்த்துச் சிரித்தார். விழுந்த பின் அவர் சிரித்தது அதுவே முதற்றடவை.

வீட்டுக்கு வந்த பின்னர் நான் இரண்டாவது பிழையைச் செய்தேன். அது முதற்பிழையிலும் பெரியது. மீண்டும் விழுந்துவிடுவாரோ என்ற அச்சத்தால் அவரை எழும்பவே விடவில்லை. "இருங்கோ அம்மா, எழும்பாதேங்கோ" என்பதே நாள் முழுவதும் எனது வாய்ப்பாடம். உயர்ந்த கைப்பிடியுள்ள கதிரையில் இருத்தி, அவர் எழ முடியாதபடி முன்னால் ஒரு மேசையை நெருக்கி வைத்தேன். இது பாதுகாப்பு என்றே நம்பினேன். இரவில் அயர்ந்து தூங்குவதற்கு வைத்தியரிடம் நித்திரைக் குளிசையும் கேட்டேன்.

சில வாரங்களில் அவருடைய தொடைகள் மெலிந்தன. ஒரு நாள் மேசையைத் தள்ளி, அதன் கீழால் வழுக்கி நிலத்தில் இருந்துவிட்டார். நல்ல காலம், காயமில்லை. வீட்டுக்கு வந்த இயன்மருத்துவரிடம் இதைச் சொல்லி, "இன்னும் பாரமான மேசை வாங்கட்டுமா?" என்று கேட்டேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுப் பின்வருமாறு விளக்கினார். கட்டுப்படுத்தி வைத்தவரும் விழுகின்றார். விடுபடப் போராடி விழுவதால் அவருக்குப் படும் காயம் சில வேளை பெரிதாகவும் இருக்கின்றது. நடவாத காலிலே வலுக் குறைகின்றது. வலுக் குறைந்த கால் எழும்போது தள்ளாடுகின்றது. தள்ளாடுவதைக் கண்டு நாம் மேலும் தடுக்கின்றோம். இந்தச் சுழலை உடைக்காவிட்டால் உங்கள் தாய் நடையை இழப்பார். இதுவே அவர் சொன்னதன் சாரம்.

அன்று நான் விளங்கிக்கொண்டதை ஒரு வாக்கியத்திற் சொல்வதானால், விழாமற் காப்பது என்பது நடக்கவிடாமற் காப்பதன்று. அன்றே மேசையை அகற்றினேன். அதன் பிறகு நாங்கள் செய்தவற்றைப் பெற்றோரின் கவனத்திற்காகச் சற்று விரிவாகத் தருகின்றேன்.

முதலாவது, "ஏன் எழும்புகின்றார்?" என்று கேட்கப் பழகினோம். மறதிநோயாளர் காரணமின்றி அலைகின்றார் என்று நாம் சொல்வதில் உண்மை குறைவு. மலசலம், பசி, தாகம், நோவு, குளிர், தனிமை, பழைய வழக்கம் என்று ஏதோ ஒன்று அவரை எழுப்புகின்றது. இரண்டு வாரங்கள் ஒரு கொப்பியில் அவர் எழும் நேரத்தையும் போகும் திசையையும் எழுதி வந்தோம். சாப்பிட்டு அரை மணித்தியாலத்தில் பின்கதவு. அதிகாலை நான்கு மணிக்குச் சமையலறை. இவ்விரண்டும் பெரும்பாலும் மாறவேயில்லை. ஆகவே சாப்பாட்டின் பின்னும், படுக்கும் முன்னும், இடையில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறையும், அவர் கேட்குமுன் நாமே அழைத்துச் சென்றோம். நான்கு மணிக்கு நான் எழுந்து அவருக்குத் துணையாக விளக்கேற்ற வைத்தேன். நெருப்புக்குப் பதிலாக மின்கலத்தில் எரியும் சிறு விளக்கு. கும்பிட்டுவிட்டு அவர் மீண்டும் படுத்து உறங்குவார். நித்திரைக் குளிசையால் ஆகாதது இதனால் ஆயிற்று. இரவிற் சலம் போகும் என்று பயந்து சிலர் முதியோருக்குத் தண்ணீரையே குறைத்துவிடுவர். அது தலைச்சுற்றையும் சலத் தொற்றையும் கொண்டுவரும். பகலில் நிறையக் கொடுத்து, படுக்கும் நேரம் நெருங்கும்போது குறைப்பதே நன்று.

இரண்டாவது, வீட்டை அவருடைய கண்ணாற் பார்த்தோம். மாநகரசபையிலிருந்து வந்த தொழில்வழிச் சிகிச்சையாளர் ஒருவர் இதனைக் கற்பித்தார். முன்வாசலில் ஒரு கறுப்புக் கால்மிதி கிடந்தது. அதனருகே வந்ததும் அம்மா சேலையைத் தூக்கிப் பிடித்து, காலை அகல வைத்துத் தாண்டுவார். பிடிவாதம் என்று நான் எண்ணியிருந்தேன். மறதிநோயில் கருமையான விரிப்புக் குழிபோலவும், மினுங்கும் நிலம் தண்ணீர்போலவும், பூப்போட்ட கம்பளம் ஏதோ பொருட்கள் சிந்திக் கிடப்பதுபோலவும் தோன்றலாமாம். அவர் குழியைத் தாண்டியிருக்கின்றார்! வீட்டிலிருந்த தளர்ந்த கால்மிதிகள் அத்தனையையும் அன்றே எடுத்துவிட்டோம். வெள்ளைக் குளியலறையில் வெள்ளை மலசலகூட இருக்கை அவருக்குத் தெரியவில்லை. ஆகவே நீல நிற இருக்கை பொருத்தினோம். மாடிப்படியின் இருபுறமும் கைபிடி, படிகளின் விளிம்பில் நிறப்பட்டி, ஆள் நடமாட்டம் கண்டால் தானே எரியும் இரவு விளக்கு ஆகியன வந்தன. பின்னர் கீழறையையே அவருடைய படுக்கையறையாக்கி, கட்டிலினருகே கழிப்புக் கதிரை வைத்தோம். கட்டிலின் உயரம், அவர் ஓரத்தில் இருக்கும்போது இரு பாதங்களும் நிலத்திற் பதியும் அளவாக இருத்தல் வேண்டும்.

கழுத்திற் கட்டி, விழுந்தால் அழுத்தும் அழைப்புமணி ஒன்றையும் வாங்கினோம். அழுத்த வேண்டும் என்பதே அவருக்கு நினைவில் நிற்காதபடியால் அது பயன்படவில்லை. நோயின் தொடக்கத்தில் உள்ளவருக்கு அது உதவலாம். அம்மாவுக்கு உதவியது, கட்டிலிலிருந்து எழுந்தவுடன் எமது அறையில் ஒலி எழுப்பும் உணரி விரிப்பே.

மூன்றாவது, காலும் உடையும் கண்ணும். குதிக்காலைப் பிடிக்காத தளர்ந்த செருப்புக்குப் பதிலாக, பின்புறம் மூடிய, அடி வழுக்காத சப்பாத்து. சேலையை விடச்சொல்லி வற்புறுத்தவில்லை. கணுக்காலுக்கு மேலே நிற்கும்படி உயர்த்தி உடுத்திவிட்டோம். மூக்குக்கண்ணாடியையும் பரிசோதித்தோம். கிட்டப் பார்வைக்கும் தூரப் பார்வைக்கும் ஒரே கண்ணாடியில் வில்லை வைத்திருப்பவர், படி இறங்கும்போது கீழ்ப்பகுதியால் பார்த்துப் படியின் தூரத்தைத் தவறாக மதிப்பிடக்கூடும்.

நான்காவது, மருந்துகள். குடும்ப வைத்தியர் அம்மாவைப் படுக்கவைத்து ஒருமுறையும், எழுந்து நின்ற பின் ஒருமுறையும் குருதியழுத்தம் பார்த்தார். நின்று மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20 அல்லது அதற்கு மேலாகக் குறைந்தால், எழும்போது தலை சுற்றி விழும் ஆபத்து உண்டு என்று கொள்வர். அம்மாவுக்கு அப்படியே இருந்தது. குருதியழுத்த மருந்தின் அளவு மாற்றப்பட்டது. நான் கேட்டு வாங்கிய நித்திரைக் குளிசை படிப்படியாக நிறுத்தப்பட்டது. தடிமனுக்கும் கடிக்கும் கடையில் நாமே வாங்கும் சில பழைய வகைக் குளிசைகளும் தூக்கத்தையும் குழப்பத்தையும் கூட்டுவன. ஆயினும் எந்த மருந்தையும் வைத்தியரைக் கேளாமல் நாமாக நிறுத்துதல் ஆகாது. எம்போன்ற கருநிறத்தவர்க்கு இந்நாட்டு வெயில் போதாதென்பதால், ஆண்டு முழுவதும் நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம் விற்றமின் டி எடுப்பது பற்றி எண்ணுமாறு இங்குள்ள சுகாதாரத் துறை அறிவுறுத்துகின்றது. அது எலும்பின் நலத்துக்கானது.

ஐந்தாவதே முதன்மையானது. அது அப்பியாசம். 25 நாடுகளில், சமூகத்தில் வாழும் 23,407 முதியோரைக் கொண்டு நடத்தப்பட்ட 108 ஆய்வுகளைத் திரட்டி 2019இல் வெளியிட்ட அறிக்கை, உடற்பயிற்சியால் விழுதல்கள் நூற்றுக்கு 23 அளவிற் குறைகின்றன என்று கூறுகின்றது. அவ்வாய்வுகளிற் பல மறதிநோயாளரைச் சேர்க்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். மறதிநோயாளரிடம், "காலைத் தூக்குங்கள்" என்று கட்டளையிட்டுப் பயன் காண்பது அரிது. ஆனால் அறுபது ஆண்டு வழக்கம் உடம்பில் ஊறிக் கிடக்கின்றது. நீண்ட பிடியுள்ள தும்புத்தடியைக் கையிற் கொடுத்தால் அம்மா குனியாமலே பின்முற்றம் கூட்டுவார். நான் அருகில் நிற்பேன். கதிரையிலிருந்து கையூன்றாமல் ஐந்து முறை எழுந்திருக்கச் செய்வது என் மகளின் பொறுப்பு. "ஒன்று, இரண்டு, மூன்று" என்று அவள் எண்ணுவாள். அம்மம்மாவும் சேர்ந்து எண்ணுவார். சில நாட்களில் ஐந்தில் நில்லாமல் பத்துவரை போய்விடுவார். 2020இல் கொரோனாவால் யாரும் வீட்டுக்கு வர இயலாதிருந்த மாதங்களிலும் இந்த எண்ணிக்கை எமது வீட்டில் நிற்கவில்லை.

இவ்விடத்தில் மாணவச் செல்வங்களுக்கு ஒரு செய்தி. 1997இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர் சிலர், முதியோருடன் நடந்துகொண்டே பேச்சுக் கொடுத்துப் பார்த்தனர். பதில் சொல்வதற்காக நடையை நிறுத்தியோர், நிறுத்தாதோரைவிடப் பின்னர் அதிகம் விழுந்ததைக் கண்டனர். நடப்பதற்கே முழுக் கவனமும் தேவைப்படும் நிலையில் அவர்கள் இருந்தனர் என்பது பொருள். ஆகவே அம்மம்மா நடந்துகொண்டிருக்கும்போது பின்னாலிருந்து கூப்பிடாதீர்கள். அடுத்த அறையிலிருந்து கேள்வி கேளாதீர்கள். முன்னால் வந்து, அவர் உங்களைக் காணும்படி நின்று, அவர் நின்ற பின் பேசுங்கள். புத்தகப்பையையும் சப்பாத்தையும் விளையாட்டுப் பொருட்களையும் நடைவழியில் விடாதீர்கள். உங்களால் மட்டுமே செய்யக்கூடிய உதவிகள் இவை.

ஒருவர் விழுந்துவிட்டால் உடனே கையைப் பிடித்துத் தூக்குவதே எம்மவர் வழக்கம். அது தவறு. முதலில் அருகில் இருந்து ஆறுதல் சொல்லுங்கள். மறதிநோயாளர் நோவைச் சொல்லமாட்டார். முகத்தைப் பாருங்கள். கால் குட்டையாகவோ திரும்பியோ இருந்தாலும், அசைக்க முடியாவிட்டாலும், தலையில் அடிபட்டு அவர் குருதி உறையாதிருக்கும் மருந்து எடுப்பவராயினும், மயக்கமோ வாந்தியோ கண்டாலும், அசைக்காமற் போர்த்திவிட்டு 999 இலக்கத்தை அழையுங்கள். வீட்டு முகவரியைத் தடுமாறாமற் சொல்ல ஒவ்வொரு பிள்ளையும் பழகியிருத்தல் வேண்டும். காயம் எதுவும் இல்லையெனில், பெரியவர் ஒருவர் துணைநின்று, பக்கவாட்டிற் புரளச் செய்து, கையும் முழங்காலும் ஊன்றவைத்து, முன்னால் ஒரு கதிரையை வைத்து, ஒரு காலை ஊன்றி எழவைக்கலாம். பின்னால் இன்னொரு கதிரையை வைத்து அதில் இருத்தலாம். தூக்குவது நீங்களல்லர். எழுவது அவர். வழி சொல்வதே உங்கள் வேலை. திடீரென்று அடிக்கடி விழத் தொடங்கினால், தொற்றோ மருந்தோ காரணமாக இருக்கலாம் என்று எண்ணி வைத்தியரை நாடுங்கள்.

இவ்வளவு செய்தும் அம்மா விழவேயில்லை என்று நான் எழுதினால் அது பொய்யாகும். யானைக்கும் அடி சறுக்கும் என்பர். இங்கிலாந்தில் 65 வயதுக்கு மேற்பட்டோருள் மூவரில் ஒருவரளவிலும், 80 வயதுக்கு மேற்பட்டோருள் இருவரில் ஒருவரளவிலும் ஆண்டில் ஒரு முறையேனும் விழுகின்றனர். மறதிநோயாளர் மற்றோரைவிட இருமடங்களவில் விழுகின்றனர். அம்மா பின்னரும் இருமுறை விழுந்தார். இரண்டு முறையும் எலும்பு முறியவில்லை. இரண்டு முறையும் தாமே எழுந்தார். முற்றாகத் தடுக்க இயலாத ஒன்றை முற்றாகத் தடுக்க முனைந்து அவருடைய நடையைப் பறித்திருந்தேனாயின், அதுவே பெரிய விழுகையாக இருந்திருக்கும்.

2022ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் அம்மா நுரையீரற் சளியினாற் காலமானார். அதற்கு மூன்று வாரங்களுக்கு முன்வரை பின்முற்றம் கூட்டினார். கடைசி மாதங்களில் என் பெயர் அவருக்கு நினைவில்லை. என்னைத் தம் அக்கா என்றே அழைத்தார். ஆயினும், "வெளிக்குப் போகவேணும்" என்று அவர் சொன்னபோதெல்லாம் முதலில் எழுந்து ஓடியவள் என் மகளே. "வாங்கோ அம்மம்மா, நான் கூட்டிக்கொண்டு போறன்" என்று அவள் கைகொடுத்ததை இன்று நினைத்தாலும் என் கண் கலங்குகின்றது.

அப்பட்டியல் எழுதிய கொப்பித் தாள் எம்மிடம் இன்னும் இருக்கின்றது. தமிழ் படிப்பதால் என்ன பயன் என்று எமது பிள்ளைகள் சில வேளைகளிற் கேட்கின்றார்கள். மேடையிற் பேசவும், சோதனையில் சித்தியடையவும், இலக்கியம் சுவைக்கவும் என்று நாம் பதில் சொல்கின்றோம். அவையும் உண்மையே. ஆனால் உங்கள் வீட்டில் ஒருவர் உலகமெல்லாம் மறந்து, தம் தாய்மொழியில் எட்டுப் பத்துச் சொற்களோடு மட்டும் எஞ்சி நிற்கும் நாள் வரக்கூடும். அன்று அச்சொற்களை விளங்கிக்கொள்ள ஒருவர் அருகில் இருந்தால் அவர் விழாமல் இருக்கலாம்.

ஆகவே மாணவச் செல்வங்களே, இன்று விழா முடிந்து வீடு சென்றதும் உங்கள் அம்மம்மா, அப்பம்மா, தாத்தாமாருடன் சற்று இருங்கள். நோவை எப்படிச் சொல்வார்கள், தாகத்தை எப்படிச் சொல்வார்கள், சொல்லக் கூசுவதை எந்தச் சொல்லால் மறைத்துச் சொல்வார்கள் என்று கேட்டு உங்கள் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். பெற்றோரே, அச்சொற்களை வீட்டில் வழங்க வெட்கப்படாதீர்கள். நான் தாமதித்துக் கற்ற இப்பாடத்தை நீங்கள் முன்கூட்டியே கற்றுக்கொள்ள இக்கட்டுரை உதவுமாயின் அதுவே எனக்கு நிறைவு.